நீலத்தாள்

வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும்.
அரைத்தாள் அளவில் ஒரு படிவம்.
பெயர்: டெர்வ்லா ஹெனகன்.
பாடம்: ஐரிஷ்.
மேல்நிலையிலிருந்து சாதாரண நிலைக்கு.
காரணம் என்று அச்சிட்ட இடத்தில்
ஒன்றரை வரிக்குத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

மேல்நிலைக்கு இளஞ்சிவப்புத் தாள்,
சாதாரணத்துக்கு நீலம்.
ஜூன் மாதம் மண்டபத்தில்
யார் எதை எழுதுகிறார்கள் என்று
கடைசி வரிசையிலிருந்தே தெரிந்துவிடும்.

ஃபீக்ரா நவம்பரிலேயே இறங்கிவிட்டான்.
"இப்போ ராத்திரி தூக்கம் வருது" என்றான்
கிளேர்மோரிஸ் ரயில் நிலையத்தில்,
காசை விழுங்கிய சாக்லேட் இயந்திரத்தை உதைத்துக்கொண்டே.
உள்ளங்கையில் கணக்கும் போட்டுக் காட்டினான்:
கீழே முதல் தரத்துக்கு ஐம்பத்தாறு புள்ளி.
மேலே ஐந்தாம் தரத்துக்கும் அதே ஐம்பத்தாறு.
"ஒரே ஐம்பத்தாறுக்கு எதுக்கு மாடி ஏறணும்?"

தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்த வேண்டுமென்றால்
மாடியில்தான் வாங்கவேண்டும், அதுவும் நாலாம் தரம்.
அந்த ஆசையை அவனிடம் சொல்லவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லிவைத்தால்
நடக்காமல் போனதும் ஊருக்குத் தெரியும்.

மாதிரித் தேர்வில் என்னைக் கவிழ்த்தது நிபந்தனை வினை.
லாட்டரி விழுந்தால் என்ன செய்வாய்?
வருஷா வருஷம் இதே கேள்வி.
விழாது என்று தெரிந்தே பேசுவதற்கு
தனியாக ஒரு வினைவடிவம்.
சொல்லின் தலையும் மாறும், வாலும் மாறும்,
நடுவில் நான் மாட்டிக்கொள்வேன்.
கடலோரம் ஒரு வீடு வாங்குவேன் என்று எழுதப்போய்
வாங்கினேன் என்று எழுதிவிட்டேன்.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்:
வாழ்த்துகள்.

அம்மா இரவுப்பணி முடிந்து
மருத்துவமனைச் சீருடையோடு நின்றபடியே படித்தாள்.
"பதினாலு வருஷம் நானும் படிச்சேன்.
கழிப்பறைக்குப் போகலாமான்னு கேட்க வரும்,
அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது.
என்ன கெட்டுப்போச்சு?"
கையெழுத்தும் போட்டுவிட்டாள்.
போட்டபிறகு பேனாவை மூடவில்லை,
கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

சாயங்காலம் புரோக்கை வெளியே கூட்டிப்போனேன்.
கானமாராவில் ஆடு வளர்க்கிறவர் ஒருவரிடம்
அப்பா வாங்கிவந்த நாய்.
ஆங்கிலம் தெரியாது.
முதல் வாரம் அப்பா உட்கார், உட்கார் என்று கத்தி ஓய்ந்தார்;
வழி கேட்கும் வெளியூர்க்காரரைப் பார்ப்பதுபோல
அது மரியாதையாக வாலாட்டியது.
அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.
தார் என்றால் வரும்.
ஃபான் என்றால், அங்கேயே இருக்கும்.
நாய்க்கு ஏவல் போதும்.
வந்தால், இருந்தால், போயிருந்தால்
எதுவும் வேண்டாம் அதற்கு.

திருப்பத்தில் பால் லாரி.
சாலையின் மறுபக்கம் ஏதோ அசைந்தது, முயலோ என்னவோ,
புரோக்கின் முன்கால் தாரில் இறங்கிவிட்டது.
ஃபான்!
இருந்தது.
லாரி தெறித்த சேற்றுத்தண்ணீர்
எங்கள் இருவர்மீதும் சமமாக விழுந்தது.

முழங்காலிட்டு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு
திட்டினேன்.
நீ மட்டும் ஓடியிருந்தால்,
உன்னை இங்கிருந்து தூக்கிப்போய்
அப்பாவிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்.
நாயிடம் பேசுகிற மொழியில்தான் சொன்னேன்.
தலை சரியாக மாறியதா, வால் மாறியதா
தெரியவில்லை.
திருத்த அங்கே யாருமில்லை, ஈர வேலியைத் தவிர.
புரோக் தலையைச் சாய்த்துப் பார்த்தது.
அதற்கு ஒன்றும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை.
இப்போது நனைந்து காய்ந்த படிவம்
கோட்டுப்பையில் அப்பளம்போல் மொரமொரக்கிறது.
தேர்வன்று காலையிலும் கையைத் தூக்கி
நீலத்தாள் கேட்கலாமாம், ஃபீக்ரா சொல்கிறான்.
அதுவரை தூங்காமல் இருப்பது என் பாடு.

"கொடுத்துட்டியா?" என்றாள் அம்மா.
கொடுத்திருப்பேன், என்றேன்.

அடுத்து ஓர் 'ஆனால்' வரும் என்று
கெட்டிலைக் கையில் பிடித்தபடி
அவள் நின்றுகொண்டிருந்தாள்.