மூன்று மாதச் சராசரி

ஆறு புள்ளி மூணு என்று எழுதி
அடியில் கோடு போட்டாள் நர்ஸ்.
இன்னும் வரல, வாசல்ல நிக்குது என்றாள்.
யாரு என்று திரும்பிப் பார்த்தேன்.
பெஞ்சில் காலில் கட்டோடு ஒருவர்
தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பதுபோல்
தலையாட்டினார்.

நேற்றுத் தின்றதன் கணக்கில்லையாம் இது,
மூன்று மாதச் சராசரியாம்.
ஒரு வேளை பட்டினி கிடந்து ஏய்க்க முடியாதாம்.
மூன்று மாதம்.
நாத்தனார் மகள் வளைகாப்பு,
தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற எட்டு நாள்
யார் யாரோ கொடுத்த பொட்டலச் சோறு,
தினம் ஏழு டீ,
கடை மூடியபின் மிஞ்சிய பேஜோவை
வீணாக்கக் கூடாதென்று
என் வயிற்றில் கொட்டி மூடியது
எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் நான்.

தண்டையார்பேட்டையில் அத்தோ கடை எனக்கு.
பூண்டெண்ணெய்க் கையை எங்கே துடைத்தாலும்
அங்கே ஒரு பசி ஒட்டிக்கொள்ளும்.

எஃப் பிளாக் மொட்டை மாடியில்
விடியக் காலை ஐந்தே முக்காலுக்குப்
பதினோரு பொம்பளைகள்.
காஜா எடுக்கும் பெனினாதான் ஆட்டம் சொல்லித் தருவாள்.
கைப்பிடிச் சுவரில் ஸ்பீக்கர்,
எதிரில் துறைமுகத்துக் கிரேன்கள்,
மணலிப் பக்கம் அணையாத தீ.
அடவுக்கெல்லாம் அவள் வைத்த பேர்:
தண்ணி லாரி வந்துச்சு.
குடத்த இடுப்புல வை.
பஸ்ஸு நிக்கல, ஓடு.
ரேஷன்ல எடுத்து வை ஒரு அடி, தள்ளுனா ரெண்டு அடி.
இருபது வருடமாக ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்,
மேளம்தான் இல்லை.

முதல் வாரம் மூச்சு வாங்கி
சின்டெக்ஸைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
கஜலட்சுமி சிரித்தாள், அவளுக்கு முட்டி வலி,
மும்தாஜ் புர்காவை மடித்து டேங்க் மேல் வைத்துவிட்டு
எங்கள் எல்லோரையும்விட உயரமாகக் குதித்தாள்.

சோறு இப்போது ஒரு கரண்டி,
பக்கத்தில் கீரை, காசிமேட்டுக் கவலை மீன்
குழம்பாக, பொரிக்காமல்.
காலையில் கேழ்வரகுக் கூழ், பச்சை வெங்காயம்.
டீ ஏழிலிருந்து மூன்று. மூன்றிலும் சர்க்கரை இல்லை.
முதல் நாள் அதைக் குடித்து
யாரோடோ சண்டை போட்டதுபோல் இருந்தது.
கடையில் பேஜோவை எடுத்துத் தின்னாமல்
வாழைத்தண்டு சூப்பை நானே இரண்டு டம்ளர் குடித்தேன்.
அத்தோவில் கோஸ் கூடிவிட்டது.
இன்னாக்கா, காய்கறிக் கடையா வெச்சிக்கீற
என்றான் ஷேர் ஆட்டோக்காரன்.
தின்னுட்டுப் பேசு என்றேன்.
தின்றுவிட்டுப் பேசாமல் போனான்.

ஒரு செவ்வாய்க்கிழமை
பஸ்ஸைப் பிடிக்க நாங்கள் ஓடிக்கொண்டிருக்கையில்
கீழே மேளம்.
பி பிளாக் தயாளன்.
வயசு நாற்பத்தாறு. வாரம் இரண்டு முறை
ஸ்டான்லியில் டயாலிசிஸ்.
படத்தில் பார்த்ததும் தெரிந்தது,
பெஞ்சில் தலையாட்டியவர்.
பெனினா ஸ்பீக்கரை அணைத்தாள்.
சுவரோரம் வரிசையாக நின்றோம்.
கீழே பையன்கள் ஆடினார்கள்,
பூவை வாரி இறைத்தார்கள்,
பட்டாசு காகங்களைக் கிளப்பியது.
அதே தாளம்.
அதே தண்ணி லாரி, அதே இடுப்புக் குடம்.
நான் ஆடவில்லை. யாருமே ஆடவில்லை.
ஆனால் என் பெருவிரல்
செருப்புக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.
வெட்கமாக இருந்தது.
பக்கத்தில் குனிந்து பார்த்தேன்,
மும்தாஜின் பெருவிரலும்.

ஆறு, என்றாள் நர்ஸ்.
புள்ளிக்குப் பிறகு ஒன்றுமில்லை.
வாசல்லேருந்து ஒரு படி எறங்கிருக்கு,
உட்டுடாதீங்க.
ஊசி குத்திய விரலில் பஞ்சை அழுத்தியபடி கேட்டேன்:
அந்தச் செவ்வாய்க்கிழமையும்
இதுல சேர்ந்திருக்குமா?
எந்தச் செவ்வாய்க்கிழமை என்றாள்.
பிறகு என் தோளுக்கு மேல் பார்த்து
அடுத்தது யாரு என்றாள்.