ஆறாம் நம்பர் பூட்ஸ்

ஸ்டோர் சாவி என்னிடம்தான்.
மாடிப்படிக்குக் கீழே, கால் உடைந்த பெஞ்சுகளோடு
ஒரு பீரோ. பெல்ட் இருபத்தொன்று,
தொப்பி பத்தொன்பது, பூட்ஸ் பதினெட்டு ஜோடி.
நாங்கள் இருபத்திரண்டு பேர்.
கணக்கு எப்படிச் சரியாகிறது என்று கேட்காதீர்கள்.
யாருக்காவது அந்த ஞாயிறு காய்ச்சல் இருக்கும்.

ஆறுக்குக் கீழே பூட்ஸ் வருவதில்லை.
பவுலினுக்கு நாலு.
மாலைப் பேப்பரைச் சுருட்டி நுனியில் திணித்தேன்,
வலது காலில் தங்கம் விலை,
இடது காலில் மணமகள் தேவை.
பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்குக் காது கேட்காது.
படிவத்தில் 'செவித்திறன்' என்ற கட்டத்தில்
ஸ்டெல்லா மிஸ் பேனாவை வைத்தார், எடுத்தார், வைத்தார்,
கடைசியில் 'பார்வை மிக நன்று' என்று எழுதினார்.
மேலே யாரும் திருப்பி அனுப்பவில்லை.
யாரும் படிக்கவில்லை என்பது என் எண்ணம்.

கட்டளைகளெல்லாம் இந்தியில்.
சாவ்தான். விஷ்ராம். தாயினே முட்.
வியாசர்பாடியில் எங்கள் யாருக்கும்
பொருள் தெரியாது.
பவுலினுக்கு ஓசை தெரியாது.
பொருளில்லாத ஓசைக்கு நாங்களும்
ஓசையில்லாத ஏதோ ஒன்றுக்கு அவளும்
ஒரே நொடியில் திரும்பினோம்.

எப்படி என்று எழுதிக் கேட்டேன்.
முன்னால் நிற்கும் ஜமீலாவின்
தொப்பிக்குக் கீழே தெரியும் கறுப்புத் துணி
திரும்புவதற்கு முன் நூலளவு இறுகுமாம்.
அந்தத் துணிமேல் தொப்பி உட்கார
ஏழு ஊசி குத்தியவள் நான்.
ஊசிக்கணக்கு பதிவேட்டில் இல்லை.

முத்தரசி பெரும்பாக்கத்திலிருந்து வருகிறாள்.
கால்வாய்க்கரை வீட்டை இடித்த பிறகு
அங்கே எட்டாவது மாடி, இங்கே அதே பள்ளி,
நடுவில் இரண்டு பஸ்.
அணிவகுப்பு ஆறரைக்கு, அவள் ஏழேகாலுக்கு.
மூன்று வாரம் ஆப்சென்ட் போட்ட ஹவில்தார்
நாலாம் வாரம் மிஸ்ஸிடம் என்னவோ கேட்டார்.
ஐந்தாம் வாரத்திலிருந்து அணிவகுப்பு ஏழரைக்கு.
சுற்றறிக்கை ஏதும் இல்லை, வெயில்தான் கூடியது.
யாரும் முணுமுணுக்கவில்லை என்றால் பொய்.
நானே முணுமுணுத்தேன்.

டிசம்பரில் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார்.
நல்ல மனிதர். அதுதான் சிக்கல்.
அன்று யாருக்கும் காய்ச்சல் இல்லை,
நாலு பேர் கான்வாஸில் நின்றார்கள்.
ஹவில்தார் வாயைத் திறந்தார்.
பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து வந்த சரக்கு ரயில்
அந்தச் சொல்லை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.
எட்டுப் பேர் வலம், ஒன்பது பேர் இடம்,
மிச்சப் பேர் ரயிலைப் பார்த்தோம்.
ஜமீலா இடம். ஆகவே பவுலினும் இடம்.

மைதானத்தை மூன்று சுற்று. எல்லோரும்.

ஓடத் தொடங்குமுன் மிஸ் அவரிடம் ஏதோ சொல்ல,
அவர் முகம் இளகியது.
பவுலினிடம் வந்து கையைக் கீழே காட்டினார்:
நீ உட்காரும்மா.
நாற்காலி வந்தது. பிஸ்கட் வந்தது.

முதல் சுற்றில் அவள் நாற்காலியில் இருந்தாள்,
கை இரண்டும் முழங்காலில்,
பரீட்சையில் பிடிபட்டவள் மாதிரி.
இரண்டாம் சுற்றில் நாற்காலி காலி.
எனக்குப் பின்னால் தப், கொஞ்சம் தள்ளித் தப்,
காலைவிடப் பெரிய பூட்ஸின் சத்தம்.
நாங்கள் முடித்து நின்றபோது
அவளுக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி.
தனியாக ஓடினாள்.
யாரும் கைதட்டவில்லை,
தண்டனைக்கு யார் கைதட்டுவார்கள்?
ஜமீலா புல்லில் ஓர் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.
அதிகாரி நாற்காலியையே பார்த்தபடி நின்றார்.
பிஸ்கட்டை முத்தரசி தின்றாள்.

திங்கட்கிழமை பதிவேட்டில் எழுதினேன்:
பவுலின் எஸ். பூட்ஸ், ஆறு. இடது குதி தேய்ந்தது.
நாலாம் நம்பர் வாங்கித் தரவும்.
அடிக்கோடு போட்டேன். இன்னொரு கோடும் போட்டேன்.
அப்புறம் பேப்பரை எடுத்து
புதிதாகச் சுருட்டினேன்.
வலது காலுக்கு வானிலை:
வடசென்னையில் லேசான மழை.