ஊதுங்க

ஸ்டான்லியில் காலை ஏழரை.
நேற்று முழுக்க வெறுஞ்சோறு,
ராத்திரி ஏழுக்குமேல் பச்சைத்தண்ணீர்.
பிளாஸ்டிக் குழாயை நீட்டி ஹாஜிரா சொல்கிறாள்,
ஊதுங்கக்கா.

இந்தச் சொல்லைப் போன மாதம்
மணிக்கூண்டு சிக்னலில் கேட்டேன்.
ஸ்கூட்டி சாய்ந்து,
மாவுப் பாக்கெட் எல்லாம் ரோட்டில்.
கால் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.
மாவு என்று சொல்ல வந்தால்
வாவு என்றது நாக்கு.
காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்சி பாரு,
யாரோ சிரித்தார்கள்.
போலீஸ்காரர் கருவியை நீட்டினார்.
பூஜ்ஜியம்.
உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார்.
பூஜ்ஜியம்.
கருவியின்மேல் வந்த சந்தேகம்
என்மேல் இருந்ததைக் குறைக்கவில்லை.

தின்றது இரண்டு கப் பிரெட் அல்வா.
நாத்தனார் பிள்ளைக்கு ஞானஸ்நானம், ராயபுரத்தில்.
வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள்.

குடல் முறுக்கிக்கொண்டது முந்தின வருடம்.
விடிவதற்குள் கறுத்துவிட்டதாம்.
எவ்வளவு எடுத்தீங்க என்று கேட்டேன்.
டாக்டர் மீட்டரில் சொன்னார், புரியவில்லை.
பக்கத்துக் கட்டில் ரெஜினா புரியவைத்தாள்:
புடவை போச்சு பிலோமி,
ஜாக்கெட் பிட்டு மட்டும் நிக்குது.

அந்த ஜாக்கெட் பிட்டில் எதுவும் தங்குவதில்லை.
சோறு சோறாகவே இறங்கிப்போய்
பெருங்குடலில் விழுகிறது.
அங்கே காலங்காலமாய் எச்சில் இலைக்குக் காத்திருந்தவர்களுக்கு
திடீரென்று முதல் பந்தி.
தின்று, புளிக்கவைத்து, காற்றை விடுகிறார்கள்.
ஒருநாள் புளிப்பு மிஞ்சி ரத்தத்தில் ஏறியது.
அதுதான் மணிக்கூண்டு.

புளிப்பைப் பற்றி எனக்கா பாடம்?
பதினோரு வருடமாகக் கொருக்குப்பேட்டையில் மாவு அரைக்கிறேன்.
சித்திரையில் உப்பைக் குறைத்துப் போட்டால் தப்பு,
கை போட்டுக் கலக்காவிட்டால் தப்பு.
பாக்கெட் உப்பி நின்றால்
மளிகைக்கடை மஸ்தான் பாய் திருப்பி அனுப்புவார்.
என்னைத் திருப்பி அனுப்ப எந்தக் கடையும் இல்லை.

மாவுல ஊறுறது வேற காத்துக்கா, என்கிறாள் ஹாஜிரா.
இது ஹைட்ரஜன்.
உலகத்திலேயே லேசானது.
அவள் தம்பி மணலியில் கான்ட்ராக்ட்,
அங்கே இதைக் குழாயில் ஓட்டுவார்களாம்,
தீப்பெட்டி வைத்திருந்தால் கேட்டிலேயே வேலை போய்விடுமாம்.
அப்போ நான் அடுப்புகிட்ட நிக்கலாமா?
அவள் சிரித்துக்கொண்டே
சர்க்கரைத் தண்ணீர் டம்ளரைத் தருகிறாள்.

ஊதுங்கக்கா. ஒன்பது.
இருபது நிமிடம் கழித்து முப்பத்தொன்று.
அடுத்தது அறுபத்தெட்டு.
வயிறு உறுமுவது வராண்டாவரை கேட்கிறது.
பெஞ்சில் இருந்த கிழவர்
மழை வருமா என்று ஜன்னலைப் பார்க்கிறார்.
தொண்ணூற்றிரண்டு.
பாஸா பெயிலா என்று கேட்கிறேன்.
அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அவர்களைக் கொன்றுவிட மாத்திரை இல்லையா?
டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
கொஞ்சம் அடக்கலாம்மா, மொத்தமா அழிக்கக் கூடாது.
நீ செரிக்காம விட்டதை அவங்கதான் செரிச்சு
உனக்குக் கொஞ்சம் சத்து திருப்பித் தர்றாங்க.
ஸ்வீட்டை விடு. அரிசியைக் குறை.

வாடகை தருகிறார்களா!
இது தெரியாமல் எத்தனை ராத்திரி சபித்திருக்கிறேன்,
ஹவுசிங் போர்டு மொட்டைமாடியில்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
மணலிப் பக்கம் எரியும் சுடரைப் பார்த்தபடி.
அங்கேயும் யாரோ எதையோ
உள்ளே வைத்துக்கொள்ள முடியாமல்தான்
எரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டார்வினுக்கு ஆறு வயசு.
பத்து லட்சத்தில் தொண்ணூற்றிரண்டு என்றால் அவனுக்குப் புரியாது.
லேசான காற்று என்பது மட்டும் புரிந்தது.
சிவப்பு பலூன் ஒன்றைக் கொண்டுவந்தான்.
ஊதும்மா.
ஊதினேன். முடிச்சுப் போட்டான்.
கையை விட்டுவிட்டு
ஃபேனில் மாட்டிக்கொள்ளப்போகிறது என்று அண்ணாந்து நின்றான்.

பலூன் இறங்கி
கிரைண்டருக்கு அடியில் உருண்டது.
இன்னும் எடுக்கவில்லை.
உளுந்து ஓடிக்கொண்டிருக்கிறது.