நிற விசிறி

கோல கெட்டில் சந்தையைத் தாண்டி,
செம்பனை ஆலைப் புகை ஆற்றுப்பக்கம் சாயும் இடத்தில்
எங்கள் கோழிப்பண்ணை.
தவுக்கே ஓங் கணக்கெழுதத்தான் என்னை வைத்தார்.
மூன்று மாதமாக நான் முட்டை உடைக்கிறேன்.

உடைக்காமல் தரம் தெரியாது.
கண்ணாடித் தட்டில் ஊற்றிக் குனிந்து பார்ப்பேன்,
வெள்ளைக்கரு எவ்வளவு உயரம் நிற்கிறதென்று.
புதியது முழங்கால் கட்டி உட்கார்ந்திருக்கும்.
பழையது, கடன் கேட்க வந்தவன் பேச்சு மாதிரி
விளிம்புவரை பரவும்.

பின்கொட்டகையில் மூன்று வரிசை, வரிசைக்கு இருபது கோழி.
முதலாவதுக்கு வெறும் தீவனம்.
இரண்டாவதுக்கு மஞ்சள்தூள் கலந்தது.
மூன்றாவதுக்குச் செண்டுமல்லி:
பூக்கடை அமிர்தவல்லி விற்காமல் விட்ட சரங்களை
நூல் பிரித்து, தகரத்தில் உலர்த்தி, இடித்தது.

மஞ்சளைத்தான் நம்பியிருந்தேன்.
என் நகக்கண்ணில் ஏறியது,
மொஃபிசுலின் பனியனில் ஏறியது,
கருவில் ஏறவில்லை.
நிற விசிறியில் ஆறு.
வெறும் தீவனத்துக்கும் அதே ஆறு.
ஓடு மட்டும் ஒரு மயிரிழை தடித்திருந்தது,
அல்லது நான் அப்படி அளந்தேன்.

செண்டுமல்லிக்குப் பன்னிரண்டு.
விசிறியின் மடலைப் பக்கத்தில் பிடித்தால்
எது மடல், எது கரு!

"சாயமா போட்டே?" என்றார் தவுக்கே, பல்லெல்லாம் தெரிய.
தட்டுக்கு ஒரு ரிங்கிட் ஏற்றலாம் என்று
அப்போதே விரல் மடக்கினார்.

நான் பூக்கடைக்குப் போனேன்.
பூ எங்கிருந்து வருது?
"கேமரன் மலை."
மருந்து அடிப்பாங்களா?
"அடிக்காம? சாமிக்குத்தானே போடுறோம்,
தின்னவா போறாங்க?"

அன்றிரவு நோட்டில் பன்னிரண்டை ஒட்டி
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அந்த வரிசைத் தட்டுகளை லோரியில் ஏற்றவிடவில்லை.
தவுக்கே இரண்டு நாள் முகம் பார்க்கவில்லை.
மூன்றாம் நாள் என் மேசையில்
செண்டுமல்லி விதைப் பொட்டலம் ஒன்று,
விலைச்சீட்டோடு.

கொட்டகைக்குப் பின்னால் விதைத்திருக்கிறோம்.
பூக்க இரண்டு மாதமாகும்.
அதுவரை விசிறி இழுப்பறையில் மடங்கிக் கிடக்கும்.
கோழிகளுக்கு எதுவும் தெரியாது,
விடிந்தால் இட்டுவிட்டுக் கத்துகின்றன.

உடைத்த முட்டைகளை,
முதல் இரண்டு வரிசையினுடையதை மட்டும்,
பத்து மணிக்கு ஒரே சட்டியில் பொரிக்கிறேன்.
மொஃபிசுல் ஒரு வாய் தின்று
அடுத்த வாய்க்கு முன் யோசிக்கிறான்.
நான் பேனாவைத் திறக்கிறேன்.
"அக்கா," என்கிறான்,
"உப்பு இல்லே."