மீதி மணல்

குக்கரின் அடியில் இரண்டு விரற்கடை
பாலாற்று மணல்.
மாடி அறைக்கென்று மூன்று வருஷம் முன்பு
வாங்கியதில் மீதி.
பூனைகள் ஆண்டது போக
சலித்து, கழுவி, காயவைத்து எடுத்தேன்.

புத்தகத்தில் ‘வெதுவெதுப்பான நீர்’ என்றிருந்தது.
சத்துவாச்சாரியில், மே மாதம்,
இரவு பதினொரு மணிக்கும்
குழாயைத் திறந்தால் வருவது அதுதான்.
ஈஸ்ட் பொங்கிவிட்டது, நான் கைகழுவி வருவதற்குள்.

நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய பேரீச்சை,
கறுப்பு திராட்சை, உடைந்த முந்திரி.
முழு முந்திரி அடுத்த மாதச் சம்பளத்தில்.
மாவில் புரட்டிப் போட்டால்
அடியில் இறங்காதாம்.
இறங்கட்டும்.
பியூலா எதையும் அடிப்பக்கத்திலிருந்து தின்பவள்.

விசில் இல்லை, கேஸ்கட் இல்லை.
சத்தமே போடாத குக்கரை
நம்பி உட்கார்ந்திருப்பது கடினம்.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஃபேன் நின்ற பிறகுதான்
வாசனை அறைக்குள் நடக்க ஆரம்பித்தது.
மூன்றாம் வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

திறந்தால் நடுவில் பள்ளம்.
இரு கரையும் உயர்ந்து,
பாலத்திலிருந்து பார்க்கிற கோடை ஆறு;
அங்கங்கே எருமைகளாய்த் திராட்சை.

ஏழே முக்காலுக்கு வந்தாள்.
வார்டில் ஏதோ நடந்திருக்கிறது,
செருப்பைக் கழற்றிய விதத்தில் தெரிந்தது.
கேட்கவில்லை.
யூனிஃபார்மோடு, நின்றபடியே
ஒரு துண்டு. இன்னொன்று.
பிறகு மெல்வதை நிறுத்தி
பல்லிடுக்கிலிருந்து எதையோ எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“மாடி வேலை ஆரம்பிச்சாச்சா?” என்றாள்.