மீட்டருக்குக் கீழே ஒரு கல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
வீடு என்றால் எனக்கு
ஒரு பெட்டி, அதில் ஒரு எண்,
கட்டிக் கிடக்கிறதா அவிழ்ந்து கிடக்கிறதா என்று
முதலில் பார்க்க வேண்டிய ஒரு நாய்.

திங்கள்சந்தையிலிருந்து இரணியல் வரை
நாளொன்றுக்கு நூற்றைம்பது வாசல்.
எந்த வாசலுக்கு என்ன நிறம் என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.

எண்தான் முதலில் பேசியது.
றசல்ராஜ் வீடும் புஷ்பபாய் வீடும்
ஒரே சானல்கரை, ஆளுக்கு ஐந்து பேர்.
அங்கே ஆயிரத்து நூற்று நாற்பது யூனிட்,
இங்கே தொண்ணூற்றாறு.
மீட்டர் ஓடவில்லையோ என்று
இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.
"களவு ஒண்ணும் இல்ல மக்களே,
உள்ள வந்து பாரு."

போனேன். சித்திரை மாதம், மதியம் ஒரு மணி.
எனக்கு முன்னால் நுழைந்த காற்று
அடுக்களைக் கதவு வழியே
ரப்பர் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
இரண்டு கதவும் ஒரே நேர்கோடு.
வெட்டுக்கல் சுவர், என் முழங்கை நீளத்துக்குக் கனம்.
ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு.
ஃபேன் இருந்தது.
யாரோ அதில் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

இந்த ஊருக்கு இரண்டு மழை.
இடவப்பாதி மேற்கே சாய்ந்து வரும்,
துலாம் கிழக்கே இடித்துக்கொண்டு.
இரண்டுக்கும் ஒதுங்கி ஒதுங்கித்தான்
சன்ஷேடு என்பதைத் தோளால் படித்தேன்.
ஒன்றரை அடி என்றால் கண்ணாடி நனையும்.
இரண்டடி என்றால் பை நனையாது.
அழகுக்கு வைத்த வளைவுக்கு அடியில்
அழகாக நனைந்திருக்கிறேன்.

றசல்ராஜ் வீட்டு முகப்பில் நாலு தூண்.
இரண்டு மாடி உயரம், எதையும் தாங்கவில்லை.
சிரிப்பு வரும். ஆனால்
பத்தாம் வகுப்பில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து
அப்படியொரு வீட்டில் நான் குடியேறியிருக்கிறேன்,
மாடியில் நின்று கையசைத்திருக்கிறேன்.
மஸ்கட்டில் பதினேழு வருஷம்
அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில்
கூரை மூக்கில் இடிக்கப் படுத்தவருக்கு
உயரம் வேண்டியிருந்திருக்கும்.
அதைத்தான் அந்தத் தூண்கள் தாங்குகின்றன என்று
எழுதிவிடலாம். எழுத மாட்டேன்.
மேற்குப் பார்த்த நீலக் கண்ணாடிக்குப் பின்னால்
ஸ்டெல்லாபாய் மூன்று ஏசியோடு வேர்க்கிறாள்.

குருசடி தாண்டி உள்ளே போகும் இடைவழியில்
ஒரு வீடு. யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள்.
பூசிய பாதியும் பூசாத பாதியுமாய் நிற்கும்.
என் உயரம் நாலடி பத்தங்குலம்.
மற்ற வீடுகளில் ஸ்டூல் கேட்பேன்,
அல்லது போனை உயர்த்தி
குத்துமதிப்பாகப் படம் எடுப்பேன்.
இங்கே மட்டும் எதுவும் கேட்டதில்லை.
மூன்று வருஷம் கழித்து ஒருநாள்
ஏன் என்று குனிந்து பார்த்தேன்.

தரையிலிருந்து ஒரு சாண் மேலே
சுவரிலிருந்து ஒரு கல் வெளியே நீட்டியிருந்தது,
இரண்டு பாதம் கொள்ளும் அகலத்துக்கு.
ஏறி நின்றால் எண் கண்ணுக்கு நேரே.
மீட்டருக்கு மேலே
மழை வெளியே வழிய, சாய்த்து வைத்த சிறு பலகைக் கல்.

யார் கட்டினது என்று கேட்டேன்.
"கல்லா? எங்க?" என்றபடி
ஏசுவடியான் லுங்கியை மடித்துக்கொண்டு வந்தார்.
இருபத்திரண்டு வருஷம் குடியிருக்கும் வீடு.
இருவரும் நின்று அந்தக் கல்லைப் பார்த்தோம்.
மிச்சம் வந்த கல்லாகவும் இருக்கலாம்.
கொத்தனாரே குள்ளமாக இருந்திருக்கலாம்.
"எனக்குத் தெரியல கேட்டியா" என்றார்,
ஒரு காலை அதில் வைத்துப் பார்த்தபடி.

அன்றிலிருந்து நடை மெதுவாகிவிட்டது.
நேரத்துக்குள் முடிப்பதில்லை என்று
ஆபீசில் ஒருமுறை எழுதிக் கேட்டார்கள்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
எந்தத் தூண் எந்நேரம் எந்தக் கடைக்கு நிழல் என்று
இப்போது எனக்குத் தெரியும்.

இரவு வீடு திரும்புகிறேன்.
ஒன்பது வருஷ வாடகை.
சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் இருக்கிறது.
உள்ளே வந்து, கதவைச் சாத்தி,
முழு இருட்டில் நின்ற பிறகுதான்
கை எட்டும்.