குமிழி கரையும்வரை

விழித்திரை கிழிந்துவிட்டது என்றார் மூவார் டாக்டர்.
என் காதில் நின்றது
திரை கிழிந்தது என்பது மட்டும்.
பெரிய வெள்ளி ஆராதனையில்
வருஷா வருஷம் அந்தப் பகுதியை வாசிப்பவன் நான்தான்.
அது மேலிருந்து கீழாகக் கிழியும்.
என்னுடையது ஓரத்தில் தொடங்கியதாம்,
குதிரை லாடம் மாதிரி.

வலது கண்ணுக்குள் வாயு அடைத்தார்கள்.
பதினான்கு நாள் குப்புறக் கிடக்க வேண்டும்.
நிமிர்ந்தால் குமிழி நழுவும்,
ஒட்டிய திரை உரிந்து வரும்.
குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது,
உயரத்தில் அது உப்பி
கண்ணையே கொண்டுபோய்விடும்.
இதைச் சொன்னபோது அவருக்குத் தெரியாது,
என் சட்டைப்பையில்
இருபத்தேழாம் தேதிக்கு ஆக்லாந்து டிக்கெட்.

பால்பவுடர் தொழிற்சாலை. பாய்லர் வேலை.
லாபிஸ் செம்பனை ஆலையில் பதினெட்டு வருஷம்
நார்க்கழிவை அள்ளி அள்ளி
நெருப்புக்குத் தீனி போட்டவனுக்கு
குளிர்நாட்டில் ஒரு நெருப்பு.
காரை விற்றாயிற்று.
எஸ்தர் பாலர்பள்ளி வேலையை விட்டாயிற்று.
சபையில் வழியனுப்பு விருந்தும் முடிந்து,
மீகூன் சாப்பிட்டு,
எல்லாரும் சேர்ந்து ஒரு சூட்கேஸ் வாங்கித் தந்தார்கள்.
இப்போது அதன்மேல்தான்
மைலோ குவளை, உறிஞ்சு குழல், கண்மருந்து.

தரையில் முகம் வைத்தவனுக்கு
ஊர் முழுக்கக் கால்கள்.

போதகர் துரைசிங்கம் வந்தார்.
காலுறையில் ஓட்டை.
தேவனுக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்றார்
நீண்ட ஜெபத்தின் நடுவில்.
ஓட்டை வழியே தெரிந்த பெருவிரல்
அவ்வளவு உறுதியாக இல்லை.
மடங்கி மடங்கி நிமிர்ந்தது.
அந்த விரலை எனக்குப் பிடித்துப்போனது.

எஸ்தரின் குதிகாலில் பித்தவெடிப்பு.
பதினோரு வருஷக் குடித்தனத்தில்
இன்றுதான் பார்க்கிறேன்.
எண்ணெய்க் கிண்ணத்தை இங்கே தள்ளு என்றேன்.
எனக்கு எட்டியது அந்தக் கால்கள் வரைதான்.
அவள் எதுவும் பேசவில்லை.
ஒரு சொட்டு என் பிடரியில் விழுந்தது,
எண்ணெய் இல்லை.

இரவில் கேட்டேன்.
என் தலையை இப்படித் தரையோடு அழுத்துவது
உம்முடைய கையா?
இல்லை என்றால் யாருடையது, சொல்லும்.
ஆம் என்றால்
கொஞ்சம் மெதுவாக.
பதிலுக்கு ஆலைச் சங்குதான் ஊதியது.
என் பாய்லருக்கு
யாரோ தீ வளர்க்கிறான்.

ஒன்பதாம் நாள் காலை
இரவு ஷிப்ட் முடிந்து ரஃபிக்குல் வந்தான்,
என்னோடு சாம்பல் வாரியவன், வங்காளதேசத்துப் பையன்.
நகம் இல்லாத ஒரு கால்விரல்.
கொஞ்சம் நின்றான்.
பிறகு புகை வாடையோடு
அப்படியே சிமெண்டுத் தரையில் படுத்து,
கன்னத்தைத் தரையில் வைத்து,
என் முகத்தைப் பார்த்தான்.
“சாக்கிட், பாங்?”
ஒன்பது நாளில் நான் பார்த்த முதல் முகம்.

கடவுள் ஏன் மனுஷனாக வரணும் என்று
ஞாயிறு பள்ளியில் ஒரு பிள்ளை கேட்டதற்கு
நான் சொன்ன பதில்
ரொம்ப நீளம்.

இருபத்தேழு வந்தது, போனது.
ஆக்லாந்துக்காரர்கள் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.
எஸ்தர் சூட்கேஸில் அரிசி மூட்டையை வைத்திருக்கிறாள்,
எலிக்குப் பயந்து.

இப்போது நடக்கிறேன்.
பார்வையின் அடியில் குமிழி
கொத்தனாரின் ரசமட்டம் போல ஆடுகிறது.
நாளுக்கு நாள் சிறுத்து
இன்றைக்குக் கடுகளவு.
இதை வைத்துப் போதகர் ஒரு பிரசங்கம் செய்துவிடுவார்,
அவரிடம் சொல்லவில்லை.
உம்மை நம்புகிறேன் என்றும்
இன்னும் சத்தமாகச் சொல்லவில்லை.
நீர் தரைவரைக்கும் வருவீர் என்பது தெரியும்,
அதுவரை போதும்.

ஸ்டேஷன் ரோட்டு வளைவில்
செம்பனை லோரி குலுங்கி
உதிரிப் பழங்கள் சிதறின.
யாரோ ஒரு பெண் குனிந்து பொறுக்கினாள்.
அவள் முகம் தெரியவில்லை, மங்கல்.
நானும் குனிந்தேன்.
அது எனக்கு
இப்போது பழகிவிட்டது.